மின்தடைக்கு இரண்டு நாற்காலி

பச்சைத் துணி விரித்த தேர்வு மேசையைப் பார்த்ததுமே வில்லட்ஸ் ஓர் அடி பின்வாங்கினான். போன வருடமும் இதே இயற்பியல் வாய்மொழித் தேர்வில் வாயே திறக்காமல் பெயிலாகியிருந்தான். இந்த முறையும் கோட்டை விட்டால் படிப்புக்கே முழுக்குத்தான். வெளியே தாழ்வாரத்தில் அப்பா வேறு, தேர்வு முடித்து வருபவரைக் கொண்டாடும் ஊர் வழக்கப்படி டென்மார்க் கொடியும் கிரீம் கேக்குமாகக் காத்திருந்தார். போன வருடம் அந்தக் கேக்கை அழுதுகொண்டே தின்றார்கள்.

"கேள்விச் சீட்டு ஒண்ணை எடுடா," என்றார் போடில் டீச்சர்.

பக்கத்தில், கூட இருந்து மதிப்பெண் போட வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர். தாமதமாக ஓடிவந்து உட்கார்ந்தவர், அதுமுதல் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்.

சீட்டில் 'மின்தடை' என்றிருந்தது. விழுந்து விழுந்து படித்த பாடம். ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

பள்ளி நாடகத்தில் அவன் கப்பல் கேப்டன். மேடையில் மட்டும் திக்கியதே இல்லை. கேப்டனாகவே பேசிவிட்டால்?

"எல்லாரும் எந்திரிங்க!" என்று கர்ஜித்தான்.

டீச்சர் பதறி எழுந்தார். "என்னடா ஆச்சு உனக்கு?"

"மன்னிச்சிடுங்க டீச்சர்!" பழக்கதோஷத்தில் மேடை வணக்கமாகவே குனிந்தான். தலை தண்ணீர் ஜாடியில் இடித்தது. நனைந்த துணியை அவசரமாக இழுத்தான். சோதனைக்காக அதன்மேல் வைத்திருந்த பல்பு, கம்பி, மீட்டர் எல்லாம் தரைக்கு வந்தன.

"போச்சு! எதை வெச்சுடா இனிமே விளக்குவ?"

"நானே விளக்கறேன்!" இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டான். "இதுதான் கம்பி. நான் எலக்ட்ரான். நீங்க பேட்டரி, தள்ளுங்க டீச்சர்!"

டீச்சர் தள்ளினார். அவன் இடுக்கில் முட்டி மோதி நுழைந்தான்.

"சந்து குறுகினா தடை கூடும்! இன்னும் பலமா தள்ளுங்க, ஓட்டம் கூடும்! சூடு ஏறுது பாருங்க!" வேர்வையை வழித்துக் காட்டினான்.

தேர்வாளர் பலமாகத் தலையாட்டினார். அதைப் பார்க்கப் பார்க்க வில்லட்ஸுக்கு உற்சாகம் பொங்கியது. சூத்திரங்களை மடமடவென்று ஒப்பித்து, கணக்கும் போட்டு முடித்தான். பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மதிப்பெண் பேச அவனை வெளியே அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அப்பா கொடியைத் தூக்கினார். வந்தது தேர்வாளர் மட்டும்.

"பிரமாதம் தம்பி! ஜென்மத்துல முதல் தடவையா எனக்கு மின்தடை புரிஞ்சுது. இதையே இன்னொரு தடவை செய்வியா?"

"எத்தனை தடவை வேணாலும்!"

"நல்லதாப் போச்சு. நான் ஜெர்மன் பாடத்துக்கு வந்தவன், ரூம் மாறி உட்கார்ந்துட்டேன். மாடியில ஜெர்மன் கேட்டுத் தலையாட்டிட்டு இருக்கிற உங்க இயற்பியல் தேர்வாளரை இப்பவே அனுப்பி வைக்கிறேன்."