சுலபம் சாரின் புது சிஸ்டம்

"சார், பக்கம் போகமாட்டேங்குது" என்றாள் லேஅவுட் போடும் பெண்.

திங்கட்கிழமை காலை. அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்து ஃபேனைப் போட்டு, சட்டைக்குள் கொஞ்சம் காற்று போவதற்குள் இந்தப் புகார். சுலபம் சார் துளியும் அசரவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு வேறு ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் எந்த வேலையைக் கொடுத்தாலும் "ப்பூ, ரொம்ப சுலபம்" என்று அவர் சொல்லிச் சொல்லியே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எங்கம்மா போகமாட்டேங்குது?"

"பிளேட் மெஷினுக்கு சார். அனுப்புனா சுத்திக்கிட்டே இருக்கு, அங்க போய்ச் சேரல."

"எப்படிச் சேரும்? இது புது சிஸ்டம். பழசு மாதிரி தட்டுனா உடனே ஓடிடுமா?"

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவதாக ஏற்பாடு. காலையில் கதவைத் திறந்தால் அறையே பளபளவென்று இருந்தது. கீபோர்டுகளில் பிஸ்கட் தூளைக் காணோம். ஸ்க்ரீனில் இத்தனை நாளாக இருந்த சூரியகாந்திப் பூ போய், நீல ஏரியும் பனிமலையும் வந்திருந்தன. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

இதில் சுலபம் சாருக்கு ஒரு நாற்காலி மாட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையே முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை பெயிண்ட் கம்பெனி கேட்டலாக் அடிச்சாகணும். சாயங்காலம் முதல் காப்பி பாக்க அவங்க வர்றாங்க. புது சிஸ்டத்துல வேலைய நிறுத்தாம ஓட்டிக் காட்டுங்க, புரொடக்‌ஷன் மேனேஜர் நாற்காலி உங்களுக்கு. முடியலேன்னா சொல்லிடுங்க, என் தங்கச்சி மருமகன் வர்றேன்னு ஒத்தக்கால்ல நிக்கறார்."

"ரொம்ப சுலபம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

வீட்டில் மனைவி அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தே விட்டாள். தன் அண்ணனுக்குப் போன் போட்டுச் செய்தியும் சொல்லியாகிவிட்டது. அந்த மச்சான் லேசுப்பட்ட ஆள் இல்லை. "மாப்பிள்ளைக்கு இந்த வயசுல கம்ப்யூட்டர் எல்லாம் மண்டையில ஏறுமா?" என்று நாலு பேர் நடுவில் கேட்ட புண்ணியவான். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கவாவது மேனேஜர் ஆகியே தீருவது என்று சுலபம் சார் செல்போனில் பாடம் பாடமாகப் பார்த்துத் தள்ளியிருந்தார்.

அந்தச் செல்போன் இப்போது அடித்தது.

"இன்ஜினியர் கூப்பிடறார் போலிருக்கே சார், எடுங்க" என்றாள் லேஅவுட் பெண்.

"எதுக்கு? ஏதாவது சந்தேகம் இருக்கான்னு கேப்பான். நமக்கு என்ன சந்தேகம்?" என்று கட் செய்தார். "இங்க பாரு. புது சிஸ்டம் சுத்தம் பாக்கும். பழைய ஃபான்ட் எல்லாம் வருஷக்கணக்கா சேத்து வெச்சிருக்கமே, அதைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்குது. எல்லாத்தையும் எடுத்துக் குப்பையில போடு."

"எல்லாத்தையுமா சார்?"

"யோசிக்காத, போடு!"

போட்டாள். ஏரி கொஞ்சம் கண்ணைச் சிமிட்டியது. கேட்டலாக்கில் இருந்த எழுத்தெல்லாம் மாயமாகி, பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது.

"இப்பவும் போகல சார். எழுத்தும் போச்சு."

"எழுத்து கெடக்குது, அப்புறம் பாத்துக்கலாம். படத்தை அனுப்பு. கலர் செட்டிங் பழசு, அதான் வழிய மறிக்குது." அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாடத்தில் பார்த்தபடி மளமளவென்று தட்டினார். கடல் நீலத்தில் இருந்த சுவர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. அதன் முன்னால் சோபாவில் சிரித்தபடி உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் பச்சைப் பசேலென்று ஆனது.

பிளேட்காரர் எட்டிப் பார்த்தார். அச்சுக்கான தகடு அடிக்கும் மெஷின் அவர் பொறுப்பு. "என்ன சார், இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"வேலையப் பாருங்கய்யா."

"வேலை வந்தாத்தானே பாக்க? அந்தப் பழைய சிஸ்டம் தங்கம் சார். இது வந்ததிலேருந்து எனக்குக் கண்ணெல்லாம் கூசுது."

"ஆனா மெனு எல்லாம் அதே எடத்துலதான் இருக்குண்ணே" என்றாள் அந்தப் பெண்.

"அதாம்மா கம்பெனிக்காரன் சாமர்த்தியம்" என்றார் சுலபம் சார். "வெளிய பழசு மாதிரியே வெச்சிருக்கான், சாதாரண ஆளுங்க மிரளக் கூடாதுன்னு. உள்ள மொத்தமும் புதுசு. வெவரம் தெரிஞ்சவனுக்குத்தான் அது புரியும்."

மறுபடி போன். மறுபடி இன்ஜினியர். மறுபடி கட்.

மெஷின் ஹாலிலிருந்து மெஷின்மேன் குரல் கொடுத்தார். "சார், மெஷின் சும்மா நிக்குது. அம்மா ரெண்டு தடவ வந்து பாத்துட்டாங்க!"

முதல் முறையாகச் சுலபம் சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் பதற்றத்தை வெளியே காட்டிக்கொள்கிற ஆளா அவர்? பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். "ஒயர்ல போகலேன்னா கையில போகட்டும். ரொம்ப சுலபம்." கேட்டலாக் முழுதும் அதில் கொள்ளவில்லை. எழுத்தில்லாத அட்டைப் படத்தை மட்டும், கலரைச் சரிசெய்து, எப்படியோ அடைத்தார். "அட்டைன்னு இருக்கும், அத எடுத்து அடிங்க" என்று பிளேட்காரர் கையில் திணித்தார்.

அரை மணி நேரத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆகா, என்ன சுகமான சத்தம்! சுலபம் சார் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

மெஷினிலிருந்து தாள் தாளாக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்து, மச்சான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கய்யா! நிறுத்துங்க!"

"ஏன் சார்? மாடல் நல்லாத்தானே இருக்கார்?" என்றார் மெஷின்மேன். "கொஞ்சம் வயசான மாடல். நம்பிக்கை வர்ற மூஞ்சி."

பென்டிரைவ் மனைவியுடையது. அண்ணன் பிறந்தநாள் ஆல்பத்துக்கு அட்டை அடித்துத் தரச் சொல்லி அவள் கொடுத்தது. பிளேட்காரர் முதலில் கண்ணில் பட்ட அட்டையை எடுத்துவிட்டார்! சுலபம் சார் அத்தனை மச்சானையும் வாரிச் சுருட்டிக் கழிவுத்தாள் மூட்டைக்கு அடியில் அமுக்கினார். அமுக்கிய பிறகும் ஒரு கறுப்புக் கண்ணாடி வெளியே எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"என்னங்க, மேனேஜர் ஆயாச்சா? அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"உங்க அண்ணன் இங்கதான் இருக்கார், நல்லா இருக்கார். வை போனை. பக்கம் மெஷினுக்குப் போகமாட்டேங்குதுன்னு நான் அல்லாடிட்டிருக்கேன்."

"நம்ம வீட்ல டிவி வரலேன்னா நான் என்ன செய்வேன்? பின்னாடி இருக்கற ஒயரை எல்லாம் பிடுங்கி மறுபடி மாட்டுவேன். வருதா இல்லையா?"

"இது டிவியா? புது சிஸ்டம்டி! உனக்கென்ன தெரியும்?"

போனை வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். எல்லோரும் டீக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு பேனா விழுந்த மாதிரி பாவனை செய்து லேஅவுட் பெண்ணின் மேஜைக்கு அடியில் புகுந்து, கரன்ட் ஒயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா ஒயரையும் பிடுங்கினார், ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். கடைசி ஒயர் 'டிக்' என்று உட்கார்ந்தது. அது அதுவரை உட்காராமல் பாதியில் தொங்கிக்கொண்டிருந்த ஒயர்.

"சார்! போயிடுச்சு சார்!" டீ குடித்துவிட்டு வந்த பெண் கத்தினாள். "பக்கம் போயிடுச்சு!"

சுலபம் சார் மேஜையில் தலையை இடித்துக்கொண்டு எழுந்தார். வலியை முழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "போகாம? புது சிஸ்டத்தையும் மெஷினையும் அறிமுகம் பண்ணி வெச்சேன். இனிமே பிரச்சினை இல்ல. அந்தக் குப்பையிலேருந்து ஃபான்ட் எல்லாத்தையும் எடுத்துப் போடு. கலரையும் முன்னாடி இருந்த மாதிரியே வெச்சுடு."

"அப்ப எல்லாமே பழையபடிதானே சார்?"

"உனக்குச் சொன்னா புரியாதும்மா."

சாயங்காலம் கேட்டலாக் வந்துவிட்டது. கடல் நீலம் கடல் நீலமாகவே இருந்தது, சோபாப் பெண் பூரண குணமடைந்திருந்தாள். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் தடவித் தடவிப் பார்த்து, கை குலுக்கிவிட்டுப் போனார்கள். முதலாளியம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

"அசத்திட்டீங்க! புது சிஸ்டத்த ஒரே நாள்ல வழிக்குக் கொண்டுவந்துட்டீங்களே! நாளைலேருந்து நீங்கதான் மேனேஜர். தங்கச்சி மருமகனை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

சுலபம் சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மச்சான் முகம் போகிற போக்கை நினைக்க நினைக்கத் தித்தித்தது. "என்னம்மா இருக்கு, ரொம்ப சுலபம். ஆனா ஒண்ணு சொல்றேன், பழைய சிஸ்டத்துல தலைகீழா நின்னாலும் இந்தக் கலர் வராது. அது மாட்டு வண்டி, இது ரயிலு!"

"நெசந்தாம்மா" என்றார் பிளேட்காரர். "எனக்கும் இப்ப கண்ணு கூசல. நல்லாப் பழகிடுச்சு."

"இனிமே யாராவது அந்தப் பழச இந்த ரூமுக்குள்ள கொண்டுவரட்டும்," மேஜையைத் தட்டினார் சுலபம் சார், "கையெடுத்துக் கும்பிட்டு வெளிய அனுப்பிடுவேன்."

எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போது, தோளில் பையோடு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார் இன்ஜினியர்.

"என்ன சார், காலையிலேருந்து கூப்பிடறேன், கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்க? நேத்து தூசி தட்டி, ஸ்க்ரீன்ல படத்த மட்டும் மாத்திட்டுப் போனேன். எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்க, புது சிஸ்டம் இப்பத்தான் வந்து சேந்துச்சு, இனிமேதான் போடணும்."