நிஸ்தார் நானா மௌத்தான பந்தயம்

நான் ஒரு மனிதரை ஒலிபெருக்கியால் கொன்றிருக்கிறேன். கொல்லப்பட்டவர் இப்போது என் வீட்டு விறாந்தையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறார். சீனி போதாதாம்.

எங்கள் ஊர் புத்தளம் களப்போரத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. ஆனால் எங்களிடம் மோட்டார் பந்தயத் திடல் ஒன்று உண்டு. உப்பளத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த காணியில் எங்கள் பிரதேச சபை சொந்தமாகக் கட்டியது. உலகமே வரும் என்றார்கள். வருடத்தில் ஒருநாள் சிலாபத்திலிருந்தும் குருநாகலிலிருந்தும் கொஞ்சம் கார்கள் வருகின்றன. மற்ற நாட்களில் நாங்கள் அதை வீணாக்குவதில்லை. காலையில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்கள் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். தார் சூடேறியதும் கருவாடு காயும். பின்னேரம் பெண்கள் ஸ்கூட்டி பழகுவார்கள். பெருநாள் தொழுகையும் அங்கேதான். (கருவாட்டை ஒதுக்கிவிட்டுத்தான். மணத்தை ஒதுக்க வழியில்லை.)

திடலின் நடுவர் கோபுரத்தைவிட உயரமான இடம் ஊரில் கிடையாது. அதனால் சபையின் அறிவித்தல்கள் எல்லாம் அதன் உச்சியிலுள்ள ஒலிபெருக்கிகளில்தான் போகும். தண்ணீர் வெட்டு, காணாமற்போன ஆடு, எல்லாவற்றுக்கும் மேலாக மரண அறிவித்தல். அறிவிப்பாளன் நான். எந்தச் சமயத்தவர் இறந்தாலும் ஊர் என் குரலில்தான் அறியும். "உங்கட குரல்ல போறதுக்கே குடுத்து வச்சிருக்கணும் தம்பி" என்று ஒரு பெரியவர் ஒருமுறை சொன்னார். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

அந்த வருடம் பந்தயத்துக்கு வழமையாக வரும் சிலாபத்து அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருநாள். ஏனென்றால் ஓட்டுநர்களில் ஒருவர் நிஸ்தார் நானா. எங்கள் பக்கத்தில் நானா என்றால் அண்ணன். மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். அவருடைய தங்கை பாயிஸாவைக் கேட்டு என் உம்மா ஆள் அனுப்பியிருந்தார். அன்று பின்னேரம் பதில் வரவேண்டும். பாயிஸா இல்லாவிட்டால் எனக்கு வேறு கலியாணமே வேண்டாம் என்ற நிலையில் இருந்தேன்.

மற்ற ஓட்டுநர்களை இலக்கத்தோடும் பெயரோடும் முடித்துவிட்டேன். நிஸ்தார் நானாவின் முறை வந்ததும், இவருக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கூட்டினால் என்ன என்று தோன்றியது. அந்தச் சாக்கில் பாயிஸாவின் பெயரையும் ஊர் முழுக்கக் கேட்க வைக்கலாமே! மைக்கைப் பிடித்து, என்னிடமிருந்த ஒரேயொரு மரியாதைக் குரலில் தொடங்கினேன்.

"வண்ணாத்திவில்லு வீதியைச் சேர்ந்தவரும், மர்ஹூம் அப்துல் காதர் அவர்களின் மூத்த புதல்வரும், பாயிஸாவின் அன்புச் சகோதரரும், பிரபல வர்த்தகருமான நிஸ்தார் அவர்கள்..."

கரண்ட் போய்விட்டது.

எங்கள் ஊரில் ஒரு மனிதனுடைய வீதியையும் வாப்பாவையும் சகோதரங்களையும் வரிசையாக ஒலிபெருக்கியில் சொன்னால் அவன் மௌத்து, செத்துவிட்டான் என்று அர்த்தம். வேறு காரணத்துக்கு யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. திடலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நிஸ்தார் நானா அவர்கள் கண்ணெதிரே காரில் இருந்தார். வீட்டிலும் கடையிலும் இருந்த ஊருக்கு அந்த வசதி இல்லை.

கரண்ட் இல்லாமலே பந்தயம் தொடங்கியது. நான் கோபுரத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பிளாஸ்டிக் கதிரைகள் ஏற்றிய லொறி ஒன்று வண்ணாத்திவில்லு வீதியால் போவது தெரிந்தது. பின்னாலேயே கூடாரத் தகரம் ஏற்றிய இன்னொன்று. கதிரை லொறி கலியாண வீட்டுக்குப் போகும், இல்லாவிட்டால் இழவு விழுந்த மையித்து வீட்டுக்குப் போகும். அன்று ஊரில் கலியாணம் எதுவும் இல்லை. கோபுரப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நிஸ்தார் நானாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறைய ஆட்கள். நான் பாய்ந்து உள்ளே போய், "நிஸ்தார் நானா மௌத்தாகல்ல!" என்று கத்தினேன்.

ஒரு பெரியவர் என் தோளைத் தடவினார். "ஓம் மகன். நல்ல மனிசர் எப்பவும் மௌத்தாகிறதில்ல."

"இல்ல, அவர் கார் ஓடிட்டு இரிக்கார்!"

"சுவர்க்கத்தில மகன், சுவர்க்கத்தில."

உள்ளே நிஸ்தார் நானாவின் உம்மா அழுத சத்தம் கேட்டது. அந்த இடத்திலேயே உப்பாகக் கரைந்துவிட்டால் நல்லது என்றிருந்தது.

பக்கத்து வீட்டு ஹமீது ஹாஜியார்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். வேலி எல்லைத் தகராறில் நிஸ்தார் நானாவோடு வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். "அந்த மனிசன் கேட்ட வேலிய நான் குடுத்திருக்கலாமே!" என்று நெஞ்சில் கைவைத்தார்.

"இப்ப குடுங்களேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பந்தயத்தில் கடைசியாக வந்த நிஸ்தார் நானா, யாரோ செய்தி சொல்லி, தலைக்கவசத்தோடே வந்து நின்றார். ஆட்கள் விலகிய வேகத்தை அவருடைய கார் ஒருநாளும் கண்டதில்லை. அவருடைய உம்மா ஓடிவந்து மகனின் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையிலேயே என் சம்பந்தத்துக்கான பதில் இருந்தது.

"இவனுக்கா என்ட மகளக் குடுக்கப் போறம்?"

நான் தலை குனிந்தபடி வெளியேறினேன். வாசலில் நிஸ்தார் நானா என் கையைப் பிடித்தார்.

"மௌத்தான வாப்பாட பேர அவ்வளவு மரியாதையா யாரும் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் தெரியுமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. "உம்மாவோட நான் கதைக்கிறன்."

கதைத்தார். ஹாஜியார் வேலியையும் கொடுத்தார். ஊரே கேட்க அழுத பிறகு மறுக்க முடியவில்லை. கலியாணம் நடந்தது, அதே கதிரைகளில். சபையும் ஒரு தீர்மானம் எடுத்தது: பந்தயத்தில் இனி ஓட்டுநர்களுக்கு இலக்கம் மட்டும்தான், பெயர் கிடையாது.

இன்றும் வீட்டில் யாராவது என்னை அவரிடம் புகழ்ந்தால் போதும், நிஸ்தார் நானா கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். இப்போது பாயிஸா என்னைப் புகழ்ந்தாள், வைத்துவிட்டார்.

"எல்லாம் சரி மச்சான். ஆனா நான் மெய்யாவே மௌத்தானா அறிவித்தல மட்டும் வேற ஆள்கிட்டக் குடுங்க. நீங்க சொன்னா ஒருத்தனும் நம்பி வரமாட்டான்."