பன்னிரண்டு காலும் ராயப்பருக்கே

சென்னைப் பட்டணத்தில் சர்வேசுரனுக்கு நேரடிச் சொந்தக்காரர் என்று தைரியமாகச் சொல்லிக்கொண்ட ஒரே ஆசாமி எங்கள் சாந்தோம் ராயப்பர்தான். வலை வீசுகிறவர். சேசுவின் தலைச்சீடரான ராயப்பரின் பெயரைத் தானே சூட்டிக்கொண்டதில், ஞானஸ்நானப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"சேசு மொதமொதல்ல யாரக் கூப்ட்டாரு? ராயப்பர! அவரு யாரு? வலக்காரரு! உன்ன மாரி கிளார்க்கையா கூப்ட்டாரு? அப்ப, தேர்ந்தெடுத்த சனம் நாங்கதான் நைனா!"

இதற்கு, கிளார்க்கான என்னிடம் அவர் காட்டும் சாட்சி பெரிய வியாழன்; சேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய நாள். அன்று கோயிலில் அப்போஸ்தலர்களாகப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, சுவாமியார் மண்டியிட்டு ஆளுக்கு ஒரு காலைக் கழுவுவார். வருஷா வருஷம் ராயப்பருக்கு ஒரு நாற்காலி நிச்சயம். அதற்காக ஒரு வாரம் கடலுக்குப் போக மாட்டார். வலது காலைச் செங்கல்லால் தேய்த்து, விளக்கெண்ணெய் பூசி, மண் படாமல் ஜட்காவில் வந்து இறங்குவார். இடது காலில் பழைய சேறு அப்படியே இருக்கும்.

ஒரு வருஷம் புதுச் சுவாமியார் வந்தார். ராயப்பரை விட்டுவிட்டு என்னைப் போட்டார்.

"சர்வேசுரன் தேர்ந்தெடுத்த ஆள சாமியாரு எப்டித் தள்ளலாம்?" என்று ராயப்பர் கடற்கரையெங்கும் கத்தினார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

வியாழனன்று, தண்ணீர் ஊற்ற வேண்டிய உபதேசியாருக்குக் காய்ச்சல். பின்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற ராயப்பரைக் கூப்பிட்டுச் சுவாமியார் செம்பைக் கொடுத்தார். நான் பயந்து கடைசி நாற்காலியில் ஒடுங்கினேன்.

முதல் காலைச் சுவாமியார் விரல் நுனியால் தொட்டார். ராயப்பருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சாமி, இப்டித் தடவுனா அழுக்கு போவுமா? தள்ளிக்கோங்க!"

குந்தி உட்கார்ந்து தேய்த்தார் பாருங்கள்! அப்போஸ்தலர்கள் வரிசையாக "ஐயோ", "அம்மா" என்றார்கள். சுவாமியாருக்குத் துண்டால் துடைக்கிற வேலைதான் மிச்சம்.

கடைசியில் என் கால். புது பூட்ஸ் கடித்துக் குதிகால் புண்ணாகியிருந்தது. தொலைந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ராயப்பரின் கை நின்றது.

"பூட்ஸ் கடிச்சிக்கீதா நைனா? பயப்படாத, மெதுவா ஊத்தறேன்."

கைக்குழந்தைக்கு ஊற்றுவதுபோல ஊற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறு வருஷம் சுவாமியாரே நாற்காலியில் உட்காரச் சொன்னபோது, ராயப்பர் செம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"குந்திகினு இருந்தா ஒரு காலுதான் சாமி. செம்பப் புடிச்சா பன்னெண்டு காலும் நம்மளுது!"

அவர் சொன்ன சொந்தம் வாஸ்தவமோ என்னவோ, எனக்குத் தெரியாது. சர்வேசுரன் ஆள் தேடி எங்கள் பக்கம் வந்திருந்தால், நானே கையைப் பிடித்து ராயப்பர் குடிசைக்கு அழைத்துப்போயிருப்பேன்.