அங்கீகாரம் பெற்றவன் கண்ணாடியை ஏற்றிய கதை

முடிவெட்டும் கடையில் மெஷின் காதருகே ரீங்கரித்தால் இன்றும் என் கழுத்து தானாகத் தோளுக்குள் இறங்கிவிடும். ("கூச்சமா சார்?" என்பார் கடைக்காரர். ஆமாம் என்றுவிடுவேன். ஜவ்வாது மலையை அவருக்கு எப்படி விளக்குவது?)

மக்கள் தொடர்புத் துறையில் பல வருடம் எந்தச் சான்றும் இல்லாமல் நிம்மதியாகப் பிழைத்தவன் நான். நாற்பதைக் கடந்ததும் ஆசை விட்டுவைக்கவில்லை. பரீட்சை எழுதி, நேர்காணலில் தேறி, தொழில்முறை அங்கீகாரம் வாங்கினேன். நெருக்கடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று தேர்வுக் குழு கேட்டது. "கடைசி ஆள் பத்திரமாகும் வரை நகர மாட்டேன்" என்றேன். நெகிழ்ந்துபோனார்கள். விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துகள் சேர்ந்தன. நடையில் ஒரு மிதப்பு சேர்ந்தது.

என் மனைவியின் அண்ணன் போளூர்க்காரர். நெல் மண்டியை மூடிவிட்டு மலைத்தேன் வியாபாரத்தில் இறங்கியிருந்தார். பத்திரிகையில் நாலு வரி வந்தால் கடை நிலைக்கும். வராவிட்டால் மறுபடி மண்டிதான். விளம்பரப் பொறுப்பை நானே வலியப் போய் ஏற்றுக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு மாப்ள இவ்ளோ சிரமம்? தெரிஞ்ச ரிப்போர்ட்டருங்க கீறாங்க. கூப்ட்டா வந்துடுவாங்க."

"மச்சான், இதெல்லாம் முறையா செய்யணும்."

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு பாறைச் சரிவு. உச்சியில் மலைத்தேனீக்களின் அடைகள், கரிய பாதி நிலாக்களாகத் தொங்கின. கீழே பந்தல், நிருபர்கள், என் கார். அடைகளை நெருக்கத்தில் படமெடுக்க ட்ரோன் வரவழைத்திருந்தேன்.

"வாணாம் மாப்ள. சத்தம் அதுங்களுக்கு ஆவாது."

"மச்சான், நான் அங்கீகாரம் பெற்றவன்." (உண்மையிலேயே இப்படித்தான் சொன்னேன். சாட்சிகள் இருக்கிறார்கள்.)

ட்ரோன் எழுந்தது. ஒரு நிலா அவிழ்ந்து, உதிர்ந்து, கறுப்பு மழையாகி எங்கள் மேல் சாய்ந்தது. அந்த அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். நின்று பார்த்தவன் எழுதட்டும். எல்லோருக்கும் முன்னால் காருக்குள் பாய்ந்து, கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். மச்சான் வெளியே நின்று தட்டினார்.

"மாப்ள, கதவத் தொறங்க! மூஞ்சியெல்லாம் கொட்டுதுங்க!"

நெருக்கடியில் முதல் அறிக்கை தாமதிக்கக் கூடாது. பாடம் நினைவிருந்தது. மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினேன்: "யாரும் பதற வேண்டாம்! நிலைமை கட்டுக்குள் இருக்கிறது!"

என்னோடு காருக்குள் ஏறியிருந்த ஒற்றைத் தேனீ அப்போதுதான் என் கழுத்தில் கருத்துத் தெரிவித்தது.

மச்சான் பந்தல் துணியை உருவி நிருபர்கள் மேல் போர்த்தினார். பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போட்டார். வீங்கிய முகத்தோடு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தும் இல்லாத மனிதர்! மறுநாள் அரைப் பக்கச் செய்தி: தேன் அசல்தான், கொட்டு வாங்கிய நாங்களே சாட்சி. கூடவே ஒரு படம். கண்ணாடிக்குப் பின்னால், வாய் திறந்தபடி, நான்.

அங்கீகாரத்தை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாத காலமாக இருந்தால் பயந்து ஓடினேன் என்பதோடு விஷயம் முடிந்திருக்கும். இப்போது எந்தெந்த விதியை எந்த வரிசையில் மீறினேன் என்று துல்லியமாகத் தெரிகிறது. படிப்பு படிப்புதான்.

மச்சான் கடை நன்றாக ஓடுகிறது. போளூர் போனால் ஒரு பாட்டில் தேன் கொடுத்து, கார் வரை வந்து வழியனுப்புவார். வீட்டுப் பிள்ளைகள் அப்போது அவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்காகவே வாசலில் கூடி நிற்கும். போன வாரமும் ஜன்னலருகே குனிந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"போய்ட்டு வாங்க மாப்ள. கண்ணாடிய ஏத்திக்குங்க."