சீட்டு ஒட்டின நெய்க் கிண்ணம்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை, கடைக்குப் போய் நெய் வாங்கிட்டு வர்றது. அம்புட்டுதான்.

ஆனா சாப்பிட வர்றது மாமனாரு. நெய்க்குப் பேர்போன ஒட்டன்சத்திரத்துக்காரரு. அப்ப எங்க பார்த்தாலும் நெய்யில கலப்படம். போன தடவை பருப்புல ஊத்துன நெய்யை மோந்து பார்த்துட்டு, பந்தியில அத்தனை பேரு முன்னால, "ஏனுங்க மாப்ள, இது வனஸ்பதிங்களா?"ன்னு கேட்டுட்டாரு. அன்னைக்குப் போன மானம் இன்னும் வீடு திரும்பல!

திண்டுக்கல் கடைவீதியில நெய்க்கடை ராவுத்தர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன்.

"கவலைய விடுங்க தம்பி. அக்மார்க் நெய் இருக்கு. சர்க்காரு சோதிச்சுச் சீட்டு ஒட்டுனது. அந்தச் சீட்டைப் பார்த்தா எவனும் வாயைத் தொறக்க மாட்டான்."

சீட்டுல எல்லாம் இங்கிலீசு. ஒரு எழுத்தும் புரியல. அதனாலேயே அது மேல மரியாதை கூடிப்போச்சு.

வீட்டுக்கு வந்து நான் கை கால் கழுவுறதுக்குள்ள, என் சம்சாரம் டின்னைத் தொறந்து நெய்யை எவர்சில்வர் கிண்ணத்துல ஊத்திட்டா.

"அடிப்பாவி! சீட்டு டின்னுலயே நின்னுபோச்சே! உங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்காகப் பந்தியில டின்னைத் தூக்கிட்டா போக முடியும்?"

நியாயம்தான். செத்த நேரம் யோசிச்சேன். அங்கதான் வந்துச்சு வினை.

டின்னை இட்லிப் பானை ஆவியில காட்டி, சீட்டைக் கிழியாம உரிச்சேன். நாலு சோத்துப் பருக்கையை நசுக்கித் தடவி, கிண்ணத்துல ஒட்டினேன். அடடா, என்ன லட்சணம்!

மாமனாரு பங்காளிகளோட வந்து இலையில உக்காந்தாரு. சீட்டு அவரைப் பார்க்குற மாதிரி கிண்ணத்தைத் திருப்பி வச்சேன்.

மனுசன் நெய்யை மோந்தே பார்க்கல. சீட்டு ஓரத்துல பிதுங்கின ஒரு பருக்கையை நகத்தால எடுத்துக் காட்டினாரு.

"ஏனுங்க மாப்ள, சர்க்காரு இப்பச் சோத்துலதான் சீட்டு ஒட்டுதுங்களா?"

பந்தி பூரா சிரிப்பு!

"மாமா, சத்தியமா அசல் நெய்!"

"போன வாட்டி வனஸ்பதிய வெறுமனே ஊத்துனீங்க. இந்த வாட்டி முத்திரை வேறயாக்கும்."

என் சம்சாரத்துக்குப் பொறுக்கல. டின்னைக் கொண்டாந்து அவரு முன்னால வச்சா. சீட்டு இருந்த எடம் மட்டும் தனியாப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. மாமனாரு சீட்டைப் பிச்சு அதுல வச்சுப் பார்த்தாரு. கச்சிதமாப் பொருந்துச்சு. அப்புறம் ஒரு சொட்டு நெய்யை நாக்குல வச்சாரு. கண்ணை மூடினாரு. பருப்புல இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தச் சொன்னாரு.

எனக்குப் போன உசுரு வந்துச்சு. "இப்ப என்ன மாமா சொல்றீங்க?"

ஏப்பம் விட்டுட்டு, பங்காளிங்க பக்கம் திரும்பினாரு.

"நெய் அசலுங்க. சீட்டும் அசலுங்க. நம்ம மாப்ளதானுங்க கொஞ்சம் கலப்படம்."