மாமனார் முகத்தில் ஓடிய விரல்கள்

என் மாமனாரின் முகத்தை அழித்தவன் நான். அந்தப் பழியை மைத்துனன் சாமுவேல் தலையில் போட்டவனும் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிடும் (வயதானவர்கள் எழுத உட்கார்ந்தால் உள்ள ஆபத்து அது).

மாமனார் மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து மறைந்தவர். அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு புகைப்படம். கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஸ்டுடியோக்காரர் தூரிகையால் கோட்டுக்கு நீலமும் கன்னத்துக்கு ரோஜா நிறமும் தீட்டியது. கே.கே. நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தோம். நாளடைவில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, நெற்றியில் மங்கலாக ஒரு திட்டு விழுந்துவிட்டது. என் மனைவி எஸ்தர் தினமும் துணியால் துடைப்பாள். திட்டு உள்பக்கம் இருந்தது. அவள் வெளிப்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய நினைவுநாள் ஜெபத்துக்கு ஒரு வாரம் இருந்தது. எஸ்தரின் தம்பி சாமுவேலுக்கு வாடிப்பட்டியில் பெயின்ட் வேலை. அக்கா வீட்டுக்கு மட்டும் ஆளை அனுப்பாமல் தானே வந்து அடிப்பான். கூடத்தை அடித்து முடித்து, படத்தையும் அவனே மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை எஸ்தருக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரான நான், அவள் திரும்புவதற்குள் திட்டைப் போக்கி அசத்துவது என்று முடிவுசெய்தேன். மருந்துக் கடையில் கிளிசரினும் சிரிஞ்சும் வாங்கினேன். சட்டத்தைக் கழற்றி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஊசியை நுழைத்துக் கிளிசரினை மெல்லச் செலுத்தினேன். அது காற்றைத் தள்ளிக்கொண்டு, கல்லில் ஊற்றிய தோசைமாவு போல வட்டமாகப் பரவியது. ஒட்டியிருந்த படம் விடுபட்டது. ஒரு நிறமும் கலையவில்லை. விசிலடித்தேன்.

அங்கேயே நிறுத்தி, படத்தை மெதுவாக உரித்து எடுத்திருக்கலாம். ஆனால் கிளிசரினையும் சுத்தமாக வெளியேற்ற ஆசைப்பட்டு, அதே ஊசியில் தண்ணீரைச் செலுத்தினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இடுக்கான இடத்தில் இளகிய திரவம் கெட்டித் திரவத்தைத் தள்ளினால், சுவர்போல ஒரே வரிசையாகத் தள்ளாது. எங்காவது ஓரிடத்தில் கொஞ்சம் முந்தும். முந்திய இடத்தில் தடை குறைவதால் இன்னும் முந்தும். கடைசியில் விரல் விரலாகக் கிளைத்து ஓடிவிடும். இது தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. முதுகலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு கண்ணாடித் தகடுகளை வைத்து இதைச் செய்து காட்டியவனே நான்தான். (பயன்படுத்திய திரவங்கள்? கிளிசரினும் தண்ணீரும்.)

நான் மறந்த பாடத்தைத் தண்ணீர் மறக்கவில்லை. கோட்டுப் பொத்தானில் புறப்பட்டு, கழுத்தில் இரண்டாகப் பிரிந்து, தாடையில் ஐந்தாகி, கன்னத்து ரோஜா நிறத்தைக் கரைத்துக்கொண்டு நெற்றி வழியாக வெளியேறியது. 'அடடா, என்ன அழகான கிளைகள்!' என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் மறைக்கக் கூடாது.

எஸ்தர் வருவதற்குள் படத்தை உலர்த்திச் சட்டத்தில் போட்டு மாட்டிவிட்டேன்.

"என்னங்க, அப்பா முகத்துல என்ன இது?"

"சுவத்து ஈரமா இருக்கும். காயிறதுக்கு முன்னாடியே மாட்டிட்டான் போல."

பேராசிரியர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. உடனே தம்பியைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன்டா, ஈரச் சுவத்துலயாடா அப்பாவ மாட்டுன?"

"ரெண்டு நாளு காயவிட்டுத்தானக்கா மாட்டுனேன்."

"அப்ப ஒங்க மச்சான் பொய் சொல்றாரா?"

அவன் போனை வைத்துவிட்டான். நான் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அடுத்த முறை பெயின்ட் அடிக்க எஸ்தர் வேறு ஆளை வைத்தாள். சாமுவேல் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவான். விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அந்தச் சுவரைப் பார்க்காமல் காபி குடித்துவிட்டுப் போவான். முகத்தில் ஆறுபோலக் கிளைகள் ஓடியதால் அவன் பிள்ளைகள் படத்துக்கு 'வைகைத் தாத்தா' என்று பேர் வைத்தார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், அவனையும் என்னையும் தவிர. எஸ்தரிடம் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் காபி கேட்டு முடித்துக்கொண்டேன்.

எஸ்தர் போய் மூன்று வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலிங் பெல் அடித்தால் கேஸ் சிலிண்டராக இருக்கும். அதுவும் பக்கத்து வீட்டுக்கு.

சாமுவேலிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். முதலில் படத்தைச் சரிசெய்யப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் விரல்களை அழித்துப் புதிதாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். விரல்களோடு மாமனாரின் வயதும் போயிருந்தது. பழையதையும் புதியதையும் பையில் வைத்துக்கொண்டு வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

புதியதைப் பார்த்து சாமுவேல் கேட்டான்: "யாரு மச்சான் இது, மாப்பிள்ளை பாக்குறீங்களா யாருக்காச்சும்?"

"மாப்ள, அன்னிக்குச் சுவத்துல ஈரம் இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நம்பவில்லை. "பச்சத்தண்ணி இம்புட்டையும் செஞ்சுச்சாக்கும்?"

கிளிசரினும் சிரிஞ்சும் கொண்டுபோயிருந்தேன். அவன் வீட்டில் கிடந்த இரண்டு ஜன்னல் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து வைத்து, நடுவே கிளிசரினைப் பரப்பினேன். தண்ணீரில் ஒரு துளி நீலம் கலந்து கொடுத்தான். செலுத்தினேன். நீல விரல்கள் கிளைத்து ஓடின. பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா இதப் பாத்திருக்கணும், மச்சான்."

பழைய படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வரவில்லை. காத்திருந்துவிட்டு பஸ் ஏறினேன்.

இரண்டு மாதம் பேச்சில்லை. பிறகு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த நேரத்தில் போன் வந்தது.

"மச்சான், எங்க வீட்டுக் கண்ணாடியெல்லாம் தூசியா இருக்கு."

"சரி, மாப்ள."

"நீங்க தொடைக்க வந்துறாதீங்க. அதச் சொல்லத்தான் போட்டேன்." வைத்துவிட்டான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு கண்ணாடி. வேன் கண்ணாடி, மூக்குக் கண்ணாடி, மீன்தொட்டி. பின்னால் அவன் பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். ஒரு நிமிடம்கூட இருக்காது. நான் பதினொரு மணிக்கே குளித்து, சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

போன ஞாயிறு வரவில்லை. ஒரு மணிவரை பார்த்துவிட்டு நானே போட்டேன்.

"மாப்ள, எங்க வீட்டுக் கண்ணாடியிலயும் தூசிதான்."



"எதையும் தொட்டுறாதீங்க மச்சான்," என்றான். "வாரேன்."