தில்லைநாயகம் பருந்து வாங்கிய கதை

தில்லைநாயகம் சபதம் எடுத்தார். இந்தச் சாரல் சீசனுக்குச் சொந்தக் காரில்தான் குற்றாலம் போவது. சகலை தளவாயின் காரில் ஒரு காலைக்கூட வைப்பதில்லை. கையில் பாதி இட்லியோடு எழுந்து நின்று எடுத்த சபதம் அது. சட்னி வேட்டியில் சொட்டியது. கல்யாணமான ஆம்பளை சபதம் எடுத்தால் ஏதாவது ஒன்று சொட்டத்தான் செய்யும். இதை எழுதுகிறவனின் வேட்டியைப் பார்த்தாலும் தெரியும்.

எல்லாம் ஒரு போனால் வந்தது. தில்லைநாயகத்தின் மனைவி சங்கரேஸ்வரி. அவளுடைய அக்கா முத்துச்செல்வி. அந்த அக்காவைக் கட்டியவர்தான் தளவாய். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தொப்பி போனாலும் குரல் போகவில்லை.

"சகல, ஞாயித்துக்கிழம குற்றாலத்துல வீடு எடுத்திருக்கேன். சொந்தக்காரங்க பூரா வருதாவ. ஒங்களுக்குத்தான் காரு கிடையாதே. நானே பிக்கோவுல வந்து ஏத்திட்டுப் போயிருதேன்."

ஏத்திட்டுப் போவதற்குத் தில்லைநாயகம் என்ன சந்தேகக் கேசா? போனை வைத்தார். எழுந்து நின்றார். சட்னி சொட்டியது.

"எனக்கு வண்டி இல்லங்காரு ஒங்க அத்தான். கடை வாசல்ல நிக்கது என்னவாம்?"

"குட்டி யானை," என்றாள் சங்கரேஸ்வரி.

"அதுக்கு நாலு சக்கரம் இல்லியா?"

"இருக்கு. பின்னால ஆறு கக்கூஸ் கோப்பையும் இருக்கு. போன கல்யாணத்துக்கு அதுலதான் போனோம். பட்டுச்சேலயோட எறங்குதேன், மண்டபத்து வாச்மேன் 'டெலிவரி பின்வாசல் வழியா'ங்கான்."

தென்காசியில் தில்லைநாயகத்துக்குக் குழாய், கோப்பை, டைல்ஸ் விற்கிற கடை. அந்த வாச்மேன்மீது தப்பில்லை.

"அப்ப காரு வாங்கிருவோம்."

"வாங்குவோம். பிக்கோ வாங்குவோம். சின்ன வண்டி, நம்ம தெருவுல திரும்பும். நானே ஓட்டிக்கிட்டு கடையத்துல அம்மாவப் பாத்துட்டு வந்திருவேன். ஒவ்வொரு தடவையும் ஒங்களக் கெஞ்ச வேண்டாம்."

"அந்த சோப்பு டப்பாவா? என் வாசல்லயா?"

பிக்கோ என்பது ஜப்பான்காரனின் குட்டிக் கார். தளவாய் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒன்று வாங்கினார். அன்றைக்கே தில்லைநாயகம் அதற்கு சோப்பு டப்பா என்று பெயர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து சங்கரேஸ்வரி பிக்கோ கேட்கிறாள், அவர் சோப்பு டப்பா என்கிறார். அது மட்டுமில்லை, அந்தக் காரை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வேறு. தளவாய் வீட்டு வாசலுக்குப் போனால் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்திருக்கிறார். போன வருஷம் தளவாய் பழசைக் கொடுத்துவிட்டுப் புதுப் பிக்கோ எடுத்தார்; அதன் நிறம்கூட இவருக்குத் தெரியாது.

"சோப்பு டப்பா வேண்டாம்னா சரிங்க," என்றாள் சங்கரேஸ்வரி.

அங்கேதான் அவர் சுதாரித்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்னது நாலே தடவை. நாலு தடவையும் நஷ்டம் அவருக்குத்தான்.

மூன்றாம் நாள் கடைக்கு ஹம்தான் வந்தான். பக்கத்து வீட்டு நூர்நிஷாவின் மகன். பழைய கார் வாங்கி விற்கிறவன்.

"அண்ணாச்சி, வால்மோரான்னு கேள்விப்பட்டிருக்கியளா?"

"எந்த ஊருப் பக்கம்?"

"ஊரு இல்ல அண்ணாச்சி, கம்பெனி. இத்தாலி. ரேஸ் காரு போடுதவன். அவன் காரு ஒண்ணு வாங்குத காசுக்குத் தென்காசியில ஒரு தெருவ வாங்கிரலாம்." போனில் படம் காட்டினான். முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளிப் பருந்து சிறகை விரித்திருந்தது.

"சின்னதால்லா இருக்கு?"

"ரேஸ் காரு வச்சிருக்கவன் பால் வாங்கப் போவாண்டாமா? அதுக்குன்னே கம்பெனிக்காரன் விட்டது. மொத்தமே கொஞ்சம் வண்டிதான். கொல்லத்துல ஒரு கல்ஃப்காரரு வச்சிருக்காரு. ஒங்களுக்குன்னா பேசி முடிக்கேன்."

விலையைச் சொன்னான். அந்த விலைக்கு இரண்டு பிக்கோ வாங்கலாம். தில்லைநாயகத்துக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. விலை குறைந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய தொழிலே இதுதான். கோயம்புத்தூரிலிருந்து ஒரே லாரியில், ஒரே பட்டறைக் குழாய் வரும். பாதியைக் 'கணேஷ்' என்ற டப்பாவில் போடுவார். மீதியில் 'ரோமானோ' என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பளபள டப்பாவில் வைப்பார். மாதச் சம்பளக்காரர் வந்தால் கணேஷ், துபாய்க் காசில் வீடு கட்டுகிறவர் வந்தால் ரோமானோ. கடை ஆரம்பித்த காலத்தில் ராத்திரியும் பகலுமாக அந்த ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தவளே சங்கரேஸ்வரிதான். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பருந்தைக் கண்டதும் புத்தி பறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கொல்லம் போய் வண்டியை எடுத்தார். ஆரியங்காவு தாண்டி, புளியரை வளைவில் இறங்கும்போது எதிரே வந்த கேரளா பஸ் டிரைவர் பருந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஒரு தடவை பார்த்தார். தில்லைநாயகம் செங்கோட்டை வரைக்கும் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் சங்கரேஸ்வரி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். குனியவே இல்லை, கையைக் கீழே விட்டு ஒரு கம்பியைத் தூக்கினாள், சீட்டு முன்னால் நகர்ந்தது.

"அது அங்கன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா வண்டிலயும் அங்கனதான இருக்கும்."

அவருக்கு அந்தக் கம்பியைக் கண்டுபிடிக்க ஆரியங்காவு வரை ஆகியிருந்தது. பெண்களுக்கு இதெல்லாம் இயற்கையிலேயே தெரியும்போல என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும்போது பார்த்தால் முகப்பைக் காணோம். பருந்துமேல் கனமாகச் சந்தனம். அதன்மேல் குங்குமம். அதன்மேல் மஞ்சள் துணி. போதாததற்கு எலுமிச்சை, மிளகாய், படிகாரம்.

"இத மறச்சுட்டா அது என்ன காருன்னு எவனுக்குட்டி தெரியும்?"

"தெரிஞ்சா கண்ணு பட்டிரும்ங்க. இத்தாலிச் சாமான். ஒங்க கடை வாசல்ல நீங்களே பூசணிக்காய் கட்டித் தொங்கவிட்டிருக்கியளே."

அந்தப் பூசணிக்காயை வாராவாரம் மாற்றுகிறவரே அவர்தான். குற்றாலம் போனதும் யாரும் பார்க்காத நேரம் துடைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

நேரம் கிடைக்கவில்லை. சாரல் தூறிக்கொண்டிருந்தது. தளவாய் எடுத்திருந்த வீட்டு வாசலில் சொந்தபந்தம் பதினைந்து பேர் ஈரத்துண்டோடு நின்றார்கள். தில்லைநாயகம் இறங்கி, கதவை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சாத்தினார்.

தளவாய் வந்து அவர் தோளில் கையைப் போட்டார். "நல்ல காரியம் பண்ணுனிய சகல. நான் பத்து வருசமாச் சொல்லுதேன், பிக்கோவ அடிச்சுக்க வண்டியே கிடையாதுன்னு. கடைசியில வாங்கிட்டியளே."

தில்லைநாயகத்துக்கு உச்சி வரைக்கும் சூடு ஏறியது. "பிக்கோவா? கண்ணாடியத் தொடச்சுட்டு வந்து பாரும்." துண்டால் துணியையும் சந்தனத்தையும் ஒரே இழுப்பில் வழித்தார். "வால்மோரா. ரேஸ் காரு. இத்தாலி."

பருந்து தெரிந்தது. முப்பிடாதியம்மாள் என்று ஒரு பெரியம்மா, கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றபடி யாரும் அசையவில்லை.

தளவாய் தன் வண்டியை எடுத்து வந்து அதன் பக்கத்தில் உரசாமல் நிறுத்தினார். விசாரணைக்கு அடையாள அணிவகுப்பு நடத்துகிற மாதிரி இருந்தது. தில்லைநாயகம் பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த சோப்பு டப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அதே கதவு. அதே கைப்பிடி. அதே பின்விளக்கு. ரெண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மட்டும் மூக்கில் பருந்தை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

தளவாய் இரண்டு பேனட்டையும் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் மூடியில் எழுத்து அச்சாகியிருந்தது. இரண்டிலும் பிக்கோ கம்பெனியின் பேர்தான். தில்லைநாயகம் விரலால் தடவிப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் குழாய் விற்ற விரல் அது. ஸ்டிக்கரை மாற்றலாம், டப்பாவை மாற்றலாம், அச்சை மாற்ற முடியாது என்று அந்த விரலுக்குத் தெரியும்.

தளவாயின் மகள் அபி காலேஜில் படிக்கிறாள். போனில் தேடிப் படித்தே விட்டாள். "சித்தப்பா, இதுல போட்டிருக்கு. ரேஸ் காரெல்லாம் நெறய புகை விடுதுன்னு கவர்மென்ட் சட்டம் போட்டுச்சாம். கம்பெனியோட மொத்தப் புகைக் கணக்கச் சரிக்கட்ட, புகை கம்மியா விடுத ஒரு சின்னக் காரு வேணும்னு, பிக்கோவயே வாங்கி, மொகத்த மட்டும் மாத்தி, ரெண்டு மடங்குக்கு வித்தானாம். வாங்குனவங்க ரொம்பக் கம்மியாம்."

"அதுல நம்ம சகல ஒருத்தரு," என்றார் தளவாய்.

பதினைந்து பேரும் சிரிப்பதற்கு வாயைத் திறந்தார்கள். தில்லைநாயகத்துக்கு அந்த நொடியில் செத்துவிடலாம்போல இருந்தது. இனி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தச் சாவு வீட்டில் துட்டி கேட்கப் போனாலும், 'ரெட்ட வெலைக்குப் பிக்கோ வாங்குனவரு' என்றுதான் இலை போடுவார்கள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வாய் முந்திக்கொண்டது.

"தெரியுமே. தெரியாமலா வாங்குனேன்?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"சங்கரி பத்து வருசமா பிக்கோ கேட்டா. அவளுக்குன்னுதான் வாங்குனேன். வெறும் பிக்கோ வாங்கிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? பொண்டாட்டிக்குன்னா ஒரு நகை போட்டுக் குடுக்க வேண்டாமா? அதான், நகை போட்ட பிக்கோவாப் பாத்து வாங்குனேன்."

பெண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. முத்துச்செல்வி புருஷனைப் பார்த்தாள். "கேட்டியளா? நீங்களும்தான் இருக்கிய. எனக்கு ஒரு சைக்கிளாவது வாங்கித் தந்திருப்பியளா?"

தளவாயின் முகம் விழுந்தது. தில்லைநாயகத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஐந்தருவியின் ஐந்து கிளையும் தலையில் விழுந்தாலும் அந்தக் குளிர்ச்சி வராது. சங்கரேஸ்வரியைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் கேட்டது இது ஒன்று, அதையும் பொய்யில்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் வெட்கம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை; பெருமை வந்து அதை நெட்டித் தள்ளிவிட்டது.

"மெய்யாவே எனக்கா வாங்குனிய?" என்றாள் சங்கரேஸ்வரி, பதினைந்து பேருக்கும் கேட்கும்படி.

"பின்ன யாருக்கு?"

"அப்ப சாவியக் குடுங்க."

கையை நீட்டினாள். மற்றக் கையால் பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். டிரைவிங் லைசென்ஸ். படத்தில் இருந்தது அவளேதான். அத்தனை பேர் முன்னால், நகை போட்டுக் கொடுத்த புருஷன் என்ன செய்ய முடியும்? சாவியைக் கொடுத்தார்.

சாயங்காலம் திரும்பும்போது முத்துச்செல்வியும் தங்கச்சி வீட்டுக்கு வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அந்த வண்டியில் பின்சீட்டு என்று கம்பெனிக்காரன் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். முழங்கால் தாடையைத் தொட, மடியில் ஈரத்துணி வாளியும் ரம்புட்டான் பையுமாகத் தில்லைநாயகம் உள்ளே அடங்கினார். மழை வலுத்தது. அவர் வைப்பர் எங்கே என்று சொல்ல வாயெடுக்கும் முன்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. இலஞ்சி விலக்கில் ஒரு லாரிக்கு வழிவிட்டு, கியர் மாற்றிய சத்தமே இல்லாமல் திரும்பினாள்.

"எப்பட்டி படிச்ச?"

"செவ்வாய்க்கிழமதோறும்."

"செவ்வாய்க்கிழம நீ திருப்புகழ் வகுப்புக்குல்லா போன?"

"வகுப்புக்குத்தான் போனேன். அத்தான்தான் வாத்தியாரு. அவுக பிக்கோவுலதான் வகுப்பு."

முத்துச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

தில்லைநாயகம் மெதுவாகக் கணக்குப் போட்டார். சீட்டுக் கம்பி. பருந்தை மறைத்துப் பிக்கோவாகக் காட்டிய சந்தனம். பக்கத்து வீட்டுப் பையன் சொல்லி வைத்தாற்போல மூன்றாம் நாளே வந்தது.

"ஹம்தானக் கடைக்கு அனுப்புனது நீயா?"

"நூர்நிஷாகிட்ட ஒரு வார்த்த சொன்னேன். பிக்கோவா இருக்கணும், ஆனா பிக்கோன்னு பேரு இருக்கப்படாதுன்னு. பையன் கெட்டிக்காரன், ரெண்டே நாள்ல தேடிப் பிடிச்சுட்டான்."

"அப்ப இது பிக்கோன்னு ஒனக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும்."

வாளி ஒரு குலுக்கு குலுங்கி வேட்டியில் தண்ணீர் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.

"ரெண்டு வண்டி வெலைய அழுதிருக்கேன். பேசாம பிக்கோவே வாங்குவோம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

சங்கரேஸ்வரி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"பத்து வருசமா அதத்தானங்க சொன்னேன்," என்றாள்.